அடைத்த கதவும் அடைக்காத வாசலும்

வெள்ளிக்கிழமை கல் உப்பு வாங்கி வைத்தால் வீட்டில் மகாலட்சுமி தங்குவாள் என்பது நம் நம்பிக்கை. அட்சய திருதியைக்குக் குந்துமணித் தங்கம் வாங்க முடியாதவர்கள்கூட ஒரு பாக்கெட் உப்பாவது வாங்கிவிடுவார்கள். விளக்கு வைத்த பிறகு பக்கத்து வீட்டுக்கு உப்பு கொடுக்க மாட்டோம். கொடுத்தால் லட்சுமியும் கூடவே போய்விடுவாளாம்!

உப்பே இல்லாத ஓர் அடுப்பு சங்கத் தமிழில் இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையில் வருகிறது அது. ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனைப் பற்றி நல்லூர் நத்தத்தனார் பாடிய பாட்டு. அந்த மன்னனின் கடற்கரை ஊரான எயிற்பட்டினம்தான் இன்றைய மரக்காணம் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. ஆம்... கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகும்போது கடந்து செல்வோமே, பூமீஸ்வரர் கோயில் கொண்டிருக்கும் அதே மரக்காணம். ஊரை ஒட்டிக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை உப்பளங்கள்தான்.

பாட்டில் ஒரு பாணர் வீடு. கூரை இற்று விழுகிறது. கரையான் அரித்த சுவரில் காளான் முளைத்திருக்கிறது. குட்டி போட்ட நாய்க்கு மடியில் பால் இல்லை. கண் திறக்காத குட்டிகள் முட்டும் வலியில் அது குரைக்கிறது. அந்த வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பில்லாமல் வேகவைக்கிறாள். திருநாகேஸ்வரத்தில் ஒப்பிலியப்பனும் உப்பில்லாமல்தான் அமுது செய்கிறார். அது பூமாதேவிக்காகப் பெருமாள் விரும்பி ஏற்றது. இவளுக்கோ வேறு வழியில்லை.

அடுத்து அவள் செய்வதைக் கவனியுங்கள். வாசல் கதவை அடைத்துவிட்டு, சுற்றத்தார் அனைவரோடும் அந்தக் கீரையைப் பகிர்ந்து உண்கிறாள். பசிக்கு அஞ்சி அல்ல, புறம் பேசுகிறவர்கள் பார்த்துவிடுவார்களே என்ற வெட்கத்தில்!

அதே பாட்டில் இன்னொரு வாசலும் உண்டு. பொருநர், புலவர், அந்தணர் என்று யார் வந்தாலும் அடைக்காத நல்லியக்கோடனின் வாசல். வந்தவர்க்கு நல்ல ஆடை உடுத்தி, பொற்கலத்தில் உணவிட்டு, பக்கத்தில் நின்று தானே உண்பிப்பானாம். கடைசியில் தேரும் கொடுத்து அனுப்புவான்.

பெரிய வள்ளல்தான். ஆனால் கதவை அடைத்துக்கொண்டவள் அந்த வாசலுக்கு எப்படி வருவாள்? தானம் செய்வது நம் விருப்பம், செய்தால் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியல்ல, அது கடன் என்றே எனக்குப் படுகிறது. தருமம் என்றால் நாம் கொடுக்கிறோம், அவர் கைநீட்டுகிறார். கடன் என்றால் கொடுக்க வேண்டியவர்தானே தேடிக்கொண்டு போக வேண்டும்? தமிழகக் கோயில்களில் 2002-ல் தொடங்கிய அன்னதானத் திட்டத்தில் பந்தியில் உட்காருபவரிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. அருமையான விஷயம். அங்கேயும் பந்திவரை வந்தால்தான் சோறு. நம் அடுக்குமாடிகளிலோ எல்லாக் கதவுகளும் அடைத்தேதான் இருக்கின்றன. எந்தக் கதவுக்குப் பின்னால் உப்பில்லாத கீரை வேகிறது என்று யார் கண்டது?

மரக்காணத்துக்கே வருவோம். பாத்தியில் கடல்நீரோ நிலத்தடி உப்புநீரோ பாய்ச்சி, வெயிலில் காய்ந்து உப்பு பூத்ததும் வாரிக் குவிக்க வேண்டும். கொளுத்தும் வெயில்தான் அவர்களுக்கு நல்ல காலம். ஐப்பசி மழை இறங்கினால் பாத்தி மூழ்கிவிடும். தை பிறக்கும்வரை பெரும்பாலும் வேலை இருக்காது. அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-ல் தொடங்கியது. மூன்று மாதத்துக்கு ஐயாயிரம். தீபாவளிக்கு ஒரு பட்டுப்புடவைக்கே நாம் அதைவிட அதிகம் கொடுக்கிறோம். தீபாவளி, கார்த்திகை தீபம் என்று நம் வீட்டில் செலவு கூடுகிற நாட்கள்தான் அவர்களுக்கு வருமானம் நின்றுபோகிற நாட்கள். அவர்கள் வாரிய உப்பு நம் அடுக்களை ஜாடியில் இருக்கலாம்.

'முதலில் எனக்கு மிஞ்சட்டும், பிறகு கொடுக்கிறேன்' என்று சொல்லத் தோன்றும். சிறுபாணாற்றுப்படையில் பாணன் நேராக அரண்மனைக்குப் போய்விடுவதில்லை. வழியில் எயிற்பட்டினத்தில் மீனவர் வீட்டில் சுட்ட மீன் கிடைக்கிறது. வேலூரில் வேட்டுவர் வீட்டில் புளிச்சோறு. ஆமூரில் உழவர் வீட்டில் வெண்சோறு. அரசன் வாசலை எட்டும் முன்பே வயிறு நிறைந்துவிடுகிறது. சோறு போட்டவர்களின் பெயர் பாட்டில் இல்லை.