எல்லோரும் எடுத்த படம்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் ஊருக்கு அருகே கேனியன்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே ஒரு மேட்டுநிலத்தின் விளிம்பில், பள்ளத்தாக்கை எட்டிப் பார்த்தபடி நிற்கிறது மேசா ஆர்ச் என்ற கல்வளைவு. அதன் வழியே சூரியன் எழுவதைப் படமெடுக்க, இருட்டிலேயே ஆட்கள் வந்து இடம் பிடிப்பார்கள். டார்ச் வெளிச்சத்தில் நடந்து நான் போய்ச் சேர்ந்தபோது, டிரைபாட்கள் ஒன்றோடொன்று கால் பின்னி நின்றன. எல்லோரும் எடுக்கப்போவது ஒரே படம்; இணையத்தில் கொட்டிக் கிடக்கும் படம். பிறகு எதற்கு இன்னொன்று?

இந்தக் கேள்வி கேமராவோடு நிற்பதில்லை. எழுத உட்காரும்போதும், பாடப் பழகும்போதும் வந்து கையைக் கட்டிப்போடுகிறது. பிறர் செய்துவிட்டதை நான் ஏன் செய்ய வேண்டும் என்று பலர் தொடங்காமலே விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

சூரியன் தலைகாட்டியதும் வளைவின் அடிப்பக்கம் செம்மஞ்சளாகக் கனலத் தொடங்குகிறது. படத்தில் மட்டும் பார்த்தவர்கள் கணினியில் ஏற்றிய நிறம் என்று நினைக்கக்கூடும். வளைவுக்குக் கீழே செங்குத்தாக இறங்கும் பாறைச் சுவரில்தான் வெயில் முதலில் விழுகிறது. அங்கே பட்டுத் தெறித்த ஒளி, சுவரின் செம்மையையும் ஏந்திக்கொண்டு மேலேறி, சூரியன் நேரே தொட முடியாத அடிவயிற்றில் படிகிறது. லென்ஸின் துளையை எஃப் 16 வரை சுருக்கினால் சூரியன் நட்சத்திரமாகக் கதிர் விரிக்கும். ஆனால் அந்தப் பிரகாசத்துக்கு அளவு வைத்தால் வளைவு இருண்டுவிடும்; வளைவுக்கு வைத்தால் வானம் வெளுத்துவிடும். இரண்டுக்கும் நடுவே தடுமாறும்போதுதான், ஒளி எங்கிருந்து வருகிறது என்று கண் உண்மையில் தேடுகிறது. பிறர் எடுத்த ஆயிரம் படங்களைப் பார்த்தும் அந்தத் தேடல் எனக்கு வந்ததில்லை.

கல்லும் நாம் நினைப்பதுபோல் நிலையானதல்ல. சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன் மணற்குன்றுகளாக இருந்து இறுகிய நவாஹோ மணற்கல் இது. மணலைப் பிணைத்திருக்கும் பொருளை, குழிகளில் தேங்கும் மழைநீர் கரைத்துக் கரைத்தே இந்த வளைவைத் திறந்தது. அதே வேலை இன்னும் நடக்கிறது. பக்கத்திலுள்ள ஆர்ச்சஸ் பூங்காவில் வால் ஆர்ச் என்ற பெரிய வளைவு 2008 ஆகஸ்டில் ஓர் இரவு இடிந்து விழுந்தது. விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. வழிப்போக்கர்கள் சாதாரணமாக எடுத்துவைத்த படங்களுக்கு இன்று இருக்கும் மதிப்பை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே ஒரே படத்தை எல்லோரும் எடுப்பதில் குறையே இல்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. முன்வரிசையில் நின்றவர்களில் சிலர், கனல் அடங்கும்வரை இம்மியும் அசையவில்லை. பின்னால் ஒரு சிறுமி அப்பாவின் தோளில் ஏறியும் வளைவைப் பார்க்க முடியாமல் எக்கிக்கொண்டிருந்தாள். முதலில் வந்ததால் ஒளிக்கு யாரும் சொந்தக்காரராகிவிட முடியாது.

அங்கே போகிறவர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். வளைவின்மேல் ஏறாதீர்கள், அதற்குத் தடையும் இருக்கிறது. பாதையை விட்டு விலகிக் கருத்த மண்மேல் கால் வைக்காதீர்கள். அது நுண்ணுயிர்கள் பின்னிய உயிருள்ள மேலோடு, மிதிபட்டால் தேறப் பல பத்தாண்டுகள் ஆகும். உங்கள் படத்தை ஆசைதீர எடுங்கள். எடுத்ததும் டிரைபாடை மடக்கிக்கொண்டு, பின்னால் நிற்பவருக்கு இடம் விடுங்கள்.