கட்டுப்பாடா, கைவிலங்கா?

கடமை, கண்ணியம், கட்டுப்பாடு என்று அறிஞர் அண்ணா நமக்கு வகுத்தளித்த மூன்று சொற்களில், கண்ணியத்துக்குப் பின்னரே கட்டுப்பாடு நிற்கிறது. கண்ணியத்தைக் கழித்துவிட்டால் எஞ்சுவது கட்டுப்பாடா, கைவிலங்கா? பெண்கள் ஆடும் கால்பந்துக் களம் இக்கேள்வியை இன்று எழுப்புகிறது.

2022 செப்டம்பரில் ஸ்பெயின் நாட்டு வீராங்கனையர் 15 பேர், தேசிய அணியின் சூழல் தங்கள் உள்ளத்தையும் உடல்நலத்தையும் கெடுக்கிறது. அது மாறும்வரை தங்களை அழைக்க வேண்டாம் என்று கூட்டமைப்புக்கு எழுதினர். கிடைத்த விடை என்ன? தவற்றை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டால்தான் இடம்!

மறு ஆண்டு ஆகஸ்டு 20 அன்று, சிட்னி நகரில் ஸ்பெயின் உலகக் கோப்பையை வென்றது. அந்தப் பதினைவருள் மூவரே அவ்வணியில் இருந்தனர். வெற்றி கிடைத்ததே, இனி வழக்கு ஏது என்பார் உண்டு. ஆனால் அந்தப் பரிசளிப்பு மேடையிலேயே கூட்டமைப்பின் தலைவர், ஜென்னி ஹெர்மோசோ என்ற வீராங்கனையை அவர் இசைவின்றி இதழில் முத்தமிட்டார். 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்த்து, 10,800 யூரோ அபராதம் விதித்தது. கோப்பை, குற்றத்தைக் கழுவும் கங்கை அன்று!

நம் நாடு மட்டும் விலக்கா? 2024 மார்ச்சில், இந்திய மகளிர் லீக்கின் இரண்டாம் பிரிவில் ஆடக் கோவா சென்ற வீராங்கனையர் இருவர், இரவில் முட்டை சமைத்ததற்காக அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் செயற்குழு உறுப்பினர் ஒருவர் தங்களைத் தாக்கினார் என்று புகார் கொடுத்தனர். காவல்துறை அவரைக் கைது செய்தது. கூட்டமைப்பு இடைநீக்கம் செய்தது. அவ்விருவரும் வாய் திறவாதிருந்தால்?

குடும்ப மானம் போய்விடும் என்று சொல்லி வீட்டிலே பெண்ணின் வாயை அடைத்தனர். அணியின் ஒற்றுமை கெட்டுவிடும் என்று சொல்லிக் களத்திலே அடைக்கின்றனர். சொல் மாறிற்று, சூது மாறவில்லை!

பயிற்சியாளருக்கு ஆணையிடும் உரிமை இல்லையா? உண்டு. எங்கே நிற்பது, யாருக்குப் பந்தை அனுப்புவது என்று ஆணையிடட்டும். அவள் உடலும் மானமும் அந்த ஆணையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

2018இலும் 2023இலும் தேசிய வாகை சூடியவர்கள் தமிழ்நாட்டுப் பெண்கள். பொத்தேரியில் புகைவண்டி விட்டிறங்கிக் கல்லூரிக்கு விரையும் தங்கையருள் நாளைய வீராங்கனையும் இருக்கலாம். இது தவறு என்று அவள் நிமிர்ந்து சொல்லும் நாளில், கட்டுப்பாட்டை மீறியவள் என்று பழிக்கப் போகிறோமா? கண்ணியத்தைக் காத்தவள் என்று அவள் பக்கம் நிற்பதே தன்மானம் பேசுவோர்க்கு அழகு.