மலநீக்கமும் அருட்பதிவும்

சிதம்பரத்தை அடுத்த கொற்றவன்குடியில் 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உமாபதி சிவாச்சாரியார் விளக்கிய சைவ சித்தாந்தத்தில், உயிரின் அறிவை மறைக்கும் அழுக்காகிய ஆணவ மலம் வலி குன்றும் பக்குவமாகிய மலபரிபாகம் வாய்த்த உயிரிலேயே திருவருள் பதிதலாகிய சத்திநிபாதம் நிகழும் என்பதால், அருளை முயற்சி உண்டாக்குகிறதா என்ற வினா எழுகிறது. இதற்கு விடை காண ஓர் ஒப்புமை உதவும். கடலூர் துறைமுகத்தில் படகு எஞ்சினைப் பழுதுபார்க்கும் மெக்கானிக், பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையே வாயுவும் எண்ணெயும் குளிர்நீரும் கசியாமல் காக்கும் தகடாகிய ஹெட் கேஸ்கட்டைப் பொருத்துமுன், பழைய கேஸ்கட்டின் ஒட்டலையும் கரியையும் பரப்பில் கீறல் விழாதபடி சுரண்டி, போல்ட் துளைகளில் தேங்கிய எண்ணெயைத் துடைத்து, நேர்விளிம்புச் சட்டத்தைக் குறுக்கே வைத்து, அதன் அடியில் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்க்கிறார். அடைப்பைத் தருவது கேஸ்கட்டும் போல்ட்டின் இறுக்கமுமே. தூய்மை தடையை மட்டும் நீக்குகிறது. திருநாவுக்கரசர் கோயில்களில் புல் செதுக்கும் கருவியாகிய உழவாரம் ஏந்திச் செய்த திருப்பணியும், உடலால் தொண்டாற்றும் சரியை நெறியும் இவ்வுண்மையையே உணர்த்துகின்றன. முயற்சி அருளுக்கு விலையாகாது. ஆயினும் அம்முயற்சியைக் கைவிட எவருக்கும் உரிமையில்லை.