பறித்தலும் சிரைத்தலும்: நோவு பற்றிய ஓர் அறவியல் நோக்கு

திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறக்குறைய 55 கிலோமீற்றர் தொலைவிலுள்ள புல்மோட்டை கருமணலாற் பெயர்பெற்ற ஊர். அம்மணலை அகழ்ந்து விற்பதற்கென 1957இல் அரசு ஒரு கூட்டுத்தாபனத்தையே நிறுவியது. அதில் மிகுந்திருப்பது இல்மனைற்று. இரும்பும் தைத்தானியமும் ஒட்சிசனுங் கலந்த கனியம். அது மண்ணாகவே கப்பலேறிப் பிறநாட்டு ஆலைகளை அடைந்து, அங்கே கண்கூசும் வெண்டூளாக மாற்றப்படுகின்றது. சுவர்ப்பூச்சு, கடதாசி, முகப்பூச்சு எனப் பலவற்றுக்கும் வெண்மை தருவது அத்தூளே. அழகு நிலையங்களில் உருக்கப்பெறும் மெழுகு சிலவற்றுக்குப் பாலாடை நிறத்தை அளிப்பதும், மயிரகற்றும் பசைகள் சிலவற்றை வெளுப்பாக்குவதும் அதுவே. இம்மணலினின்று பிறந்ததோ வேறொரு கடற்கரை மணலினின்று பிறந்ததோ, கருமையாகச் சென்றது வெண்மையாக மீண்டு, ஊர்ப் பெண்ணொருத்தியின் கைமீது பூசப்படுகின்றது.

அவ்வூரில் மணநாள் நெருங்கிய பெண்ணொருத்தியை எண்ணிப் பார்க்கலாம். கைகால்களிலுள்ள மென்மயிரை நீக்கவேண்டும் என்பது வீட்டிற் பெரியோர் துணிந்த முடிபு. எவ்வாறு நீக்குவது என்பதே அங்கு நிகழும் விவாதம். சவரக்கத்தி பட்டால் முள்ளாக முளைக்குமென்று உம்மா அஞ்சுகின்றார். குவைத்திற் பணிபுரிந்து மீண்ட சாச்சி, எலுமிச்சஞ்சாறு கலந்து காய்ச்சிய சீனிப்பாகே சிறந்ததென்கின்றார். அரபு நாட்டுப் பெண்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறை அது. மச்சாள் மெழுகை விரும்புகின்றாள். பசையே போதுமென்பாருமுளர். மேலோட்டமாக நோக்குமிடத்து இது கருவியைத் தெரியும் சிறு சிக்கலே. ஆயினும் இவ்விவாதத்தில் ஒருவர் வாயிலிருந்து மட்டும் சொல் எழவில்லை. நோவு யாருடையதோ, அவளே அவ்வாறு வாளாவிருப்பவள்.

முதலிற் கருவிகளின் இயல்பை அறிதல் தகும். கத்தி தோலின் மேற்பரப்போடு மயிரை வெட்டுகின்றது, வேரைத் தொடுவதில்லை. சிரைத்த மயிர் தடித்து வளருமென்னும் நம்பிக்கை உலகெங்கும் உண்டெனினும் அது பிழையென்பதை உடற்கூற்றியலாளர் மில்ட்ரெட் துரொற்றர் 1928இலேயே ஆய்ந்து காட்டினார். நுனி கூர்த்த மயிர் நடுவே வெட்டப்படுவதால் மழுங்கிய முனையோடு மீள எழுகின்றது. தடவுங் கைக்கு அது தடிப்பாகத் தோன்றுகின்றது, அவ்வளவே. பசையிலுள்ள தயோகிளைக்கொலேற்று மயிரின் கெரற்றினைப் பிணைத்து வைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை அறுக்கின்றது. தோலும் கெரற்றினால் ஆயதே. ஆதலாற் குறித்த நேரத்திற்கு மேல் விட்டுவைத்தால் தோலும் எரியும். மெழுகோ மயிரை வேரோடு பற்றியிழுப்பது. சில வாரங்களுக்கு வழுவழுப்பு நிலைத்திருக்கும் என்பது அதன் பெருஞ் சிறப்பு. ஆனால் மெழுகு பற்றுவதற்கு மயிர் ஏறத்தாழ அரைச் சதமமீற்றரேனும் வளர்ந்திருத்தல் வேண்டும். நீக்குதற்பொருட்டே வளர்க்க வேண்டியிருப்பதும், வளரும் நாள்களில் முழுக்கைச் சட்டையுள் அதனை மறைத்துத் திரிய வேண்டியிருப்பதும் இம்முறையிலுள்ள வேடிக்கை. சூட்டுப்புண், தோலுரிவு, வெளிவர இயலாது உள்ளே சுருண்டு வளரும் மயிர் ஆகியன இதன் தீங்குகள். நோவை அவற்றோடு எண்ணுவார் அரியர். அது யாவரும் அறிந்ததென விடப்படுகின்றது.

இந்நோவையே ஈண்டு ஆராய வேண்டும். வேரோடு மயிர் பறித்தலைத் தமிழர் அறிந்தது அழகின்பொருட்டன்று, துறவின்பொருட்டு. சமண முனிவர் தம் தலைமயிரையுந் தாடியையுங் கையாற் பறித்தெறிவர். திகம்பர முனிவரிடையே இன்றும் அவ்வழக்கு நிலவுகின்றது. உடலின்மேல் வைத்த பற்றை அறுத்ததற்கு அந்நோவு சான்று. மெழுகினாற் பறிக்கும் பெண்ணும் அதே நோவையே அடைகின்றாள். ஆயின் அவளது நோவு உடலைப் பிறர் கண்ணுக்கு இனிதாக்கும் முயற்சியிற் பிறக்கின்றது. செயல் ஒன்றே, பொருள் எதிரெதிர். எனவே நோவு தன்னளவில் அறமுமன்று, மறமுமன்று. அதனை விரும்பியேற்றவர் யார், எதன்பொருட்டு ஏற்றார் என்பவற்றாலேயே அது மதிப்புப் பெறுகின்றது. முனிவரை எவரும் பாயில் இருத்திப் பறிக்கவில்லை என்பதும் நினைவிலிருத்தத் தக்கது.

நோய் தீர்க்கவும் மயிர் நீக்கியதுண்டு. ஆறாத புண்ணைச் சூழ்ந்த மயிரைக் கத்தியாலோ கத்தரியாலோ குறட்டாலோ அகற்றுமாறு சுசுருத சங்கிதை விதிக்கின்றது. சங்குப்பொடியோடு அரிதாரத்தைச் சேர்த்தரைத்துப் பூசும் முறையையும் அது கூறுகின்றது. மேற்காசியக் குளியலறைகளிலும் சுண்ணாம்போடு சேர்த்து மயிர் நீக்கப் பயன்பட்டது அவ்வரிதாரமே. ஆர்சனிக்கு அடங்கிய நச்சுப் பொருள் அது. நடிகர் முகத்திற் பூசும் ஒப்பனைக்கும் தமிழில் அரிதாரம் என்றே பெயர் வழங்குவது எண்ணத்தக்கது.

இனிப் புல்மோட்டைக்கே மீளலாம். அங்கு வாழ்வோரிற் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலோர் போல இமாம் ஷாஃபிஈயின் சட்டநெறியைத் தழுவுவோர். மறைவிட மயிரைச் சிரைத்தலும் அக்குள் மயிரைப் பறித்தலும் மனிதனின் இயற்கை நெறியைச் சார்ந்தவை என நபிமொழி கூறும். நாற்பது நாளுக்கு மேற் பிற்போடலாகாதென வரையறையும் உண்டு. இவ்விதி ஆண், பெண் இருபாலார்க்கும் உரியது, தூய்மை கருதியது. புருவமயிர் பறித்தலோ கண்டிக்கப்பட்டுள்ளது. கைகால் மயிரைப் பற்றிக் கட்டளையுமில்லை, தடையுமில்லை. ஆதலின் அது அவரவர் விருப்பென்பர் அறிஞர் பலர்.

ஷாஃபிஈ குறித்து ஒரு செய்தி வழங்குகின்றது. அவர்தம் மாணாக்கர் யூனுஸ் ஒருநாள் அவரைக் காணச் சென்றபோது நாவிதர் ஒருவர் அவரது அக்குளைச் சிரைத்துக் கொண்டிருந்தாராம். பறித்தலே நபிவழியெனத் தாம் அறிந்திருப்பதாகவும், நோவைத் தாங்கும் வலு தமக்கில்லை எனவும் இமாம் கூறினாராம். பதின்மூன்றாம் நூற்றாண்டினரான இமாம் நவவீ இதனைத் தம் நூலிற் பதிந்துள்ளார். சட்டநெறியொன்றையே வகுத்த பேரறிஞர், சிறந்ததென விதந்துரைக்கப்பட்ட ஒன்றையும் நோவின்பொருட்டு விடுத்தார். அவரை எவரும் இகழ்ந்திலர். நோகின்றது என்பதே அங்குப் போதிய நியாயமாயிற்று. அவ்வாறாயின், கட்டளையே இல்லாத கைமயிரின்பொருட்டு மெழுகுப் பட்டியின் இழுப்பைத் தாங்கமாட்டேன் என்று அம்மணப்பெண் கூறுவாளாயின், அஃது ஏன் போதிய நியாயமாகாது? பெருந்துறவுக்கும் தூய்மை விதிக்கும் கிடைக்கும் விலக்கு ஊர்வழக்குக்கு மட்டும் கிடையாதெனில், வழக்கு விதியினும் கடுமையானதாகிவிட்டது என்றே கொள்ளல் வேண்டும்.

அவளே விரும்புகின்றாள் என விடை கூறுவர். இவ்விடையை எளிதில் தள்ளுதற்கில்லை. ஆயினும் விருப்பம் எங்கிருந்து வந்ததென வினவுதல் தகும். வள்ளுவர் கூச்சமின்றி ஆண்ட ‘மயிர்’ என்ற சொல்லே இன்று அவையில் வழங்கத் தயங்கும் சொல்லாயிற்று. பெண்ணின் வயிற்றிலோடும் மெல்லிய மயிர்வரையை மயிரொழுக்கு என அழகின் கூறாகப் பாடினர் பழம்புலவர். அதனையே இன்று காசு கொடுத்துப் பறிப்பிக்கின்றனர். அமெரிக்காவிற் கையில்லாச் சட்டை பரவிய வேளையில், 1915இல், ஜிலெற் நிறுவனம் பெண்களுக்கென முதற் சவரக்கருவியை விற்கலாயிற்று. அக்குள் மயிர் அருவருக்கத்தக்கதென விளம்பரங்கள் கற்பித்தன. கற்பித்த வெட்கத்தின் விளைவு கொடியது. 1920களில் ‘திரைக்கோ’ என்னும் எக்ஸ்கதிர் முறையை நாடிய பெண்கள் பலர் பின்னர் தோற்புற்றுநோய்க்கு ஆளாயினர். தாலியம் கலந்த ‘கொரெம்லு’ என்னும் பசையைப் பூசியோர் நரம்பு தளர்ந்து, தலைமயிரையும் இழந்தனர். அவர்களும் விரும்பியே சென்றவர்கள்தாம். உண்மையை மறைத்துப் பெற்ற இசைவை இசைவெனல் எங்ஙனம்?

இவ்வாறு கூறுவது மயிர் நீக்குவோரை இகழ்தற்கன்று. சூலகக் கட்டி நோயினால் முகத்தில் மயிர் தடித்து வளரப்பெற்ற பெண் வீட்டைவிட்டு வெளியேறவே அஞ்சுவாள். அவளிடம் இயற்கையழகைப் போற்றுமாறு உபதேசிப்பதும் ஒருவகைக் கொடுமையே. உடலை நீக்கென்று ஆணையிடுவோரும் நீக்காதே என்று ஆணையிடுவோரும் அதிகாரஞ் செலுத்தும் வகையில் ஒரே இனத்தவர். அத்தகையாளுக்கு மருத்துவ ஆய்வும், ஓரளவு நிலைத்த பயன்தரும் லேசர் முறையும் உதவக்கூடும். அங்கும் ஓர் ஓரவஞ்சனை உண்டு. லேசர் ஒளி மயிரின் கரிய நிறமியைத் தேடிச் சுடுவது. கரிய தோலிலோ தோலையும் சேர்த்துச் சுடும். வெண்டோலை மனத்திற் கொண்டு தொடங்கிய கருவி அது. 1064 நனோமீற்றர் அலைநீளமுடைய லேசரே நம்மவர் தோலுக்கு ஒப்பீட்டளவிற் பாதுகாப்பானது. இதனைக் கேட்டறியாது பணங்கட்டுவோர் தழும்போடு மீள நேரலாம்.

ஆகவே எம்முறை சிறந்ததென்னும் வினாவிற்குத் தோலும் பணமும் நாளும் பார்த்து விடைகூற இயலும். அவசரத்திற்குக் கத்தி எளிது. சில வாரங்களுக்கு மெழுகு நன்று. முகப்பருவிற்கு ஐசோற்றெற்றினோயின் மாத்திரை உண்பவளுக்கு மெழுகு ஆகாது, தோலே பெயர்ந்து வரும். நீரிழிவுடையார் காற்புண்ணுக்கு அஞ்ச வேண்டும். மெழுகிடும் பெண் இவற்றையெல்லாம் முன்னரே வினவுதல் கடன். அவளும் நாட்கூலிக்கு உழைப்பவளே. சூட்டைத் தன் மணிக்கட்டில் தொட்டறிந்த பின்னரே பிறர் கையிற் பூசுவது அவள் தொழிலறம். முதற் பட்டியை இழுத்தவுடன் மணப்பெண் ‘போதும்’ என்பாளாயின் அவள் நிறுத்திவிடல் வேண்டும். உம்மாவும் மச்சாளும் முணுமுணுப்பர். கையொன்றில் ஒரு விரற்கடை அகலம் மட்டும் வழுவழுத்திருக்கும். அன்றிரவே மருதோன்றி இடவேண்டும். அது இரு கைகளிலும் ஒன்றுபோலவே சிவக்கும்.