கூலிக்குத் தூக்கும் கை

அன்பினால் செய்கிற வேலை உயர்ந்தது. கூலிக்குச் செய்கிற வேலை அதற்கு ஒரு படி கீழே. இப்படி ஓர் எண்ணம் நமக்குள் ஊறிப் போயிருக்கிறது. கதை எழுதுகிறவர்களுக்கு இது கொஞ்சம் அதிகம். என் கதைகளில் எத்தனையோ நர்சுகளும் வேலைக்காரர்களும் நீட்டிய பணத்தை மறுத்திருக்கிறார்கள். அதைப் படித்து மனம் உருகிக் கடிதம் எழுதிய வாசகர்களும் உண்டு. இப்போது அந்தக் கதைகளைப் புரட்டினால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. என் தாயாரை ஆறு மாத காலம் தூக்கி இறக்கிய ஓர் இளைஞன்தான் அதற்குக் காரணம்.

எங்கள் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே, குன்னம் வட்டத்தில் இருக்கிறது. 1995 வரை எல்லாமே திருச்சி ஜில்லா. பிறகு பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அதிலிருந்து 2001-ல் அரியலூர் பிரிந்தது. மறு வருஷமே திரும்ப வந்து சேர்ந்தது. 2007-ல் மீண்டும் பிரிந்தது. பாகப் பிரிவினை செய்துகொண்ட பங்காளிகளைப் போல என்று நாங்கள் சொல்லிச் சிரிப்போம். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் ஒரு பக்கம், சிமெண்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளும் மறு பக்கம். எழுபத்தாறு வயதில் என் தாயார் வெங்காயப் பட்டறை ஓரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள்.

அன்றைக்கு 108 வண்டி வந்தது. தமிழ்நாட்டில் 2008-ல் தொடங்கிய சேவை அது. வந்தார்கள், தூக்கினார்கள், கொண்டு சேர்த்தார்கள். ஒரு குறை சொல்ல முடியாது. சங்கடமெல்லாம் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய பிறகுதான். தையல் பிரிக்க ஒரு நாள், எக்ஸ்ரே எடுக்க ஒரு நாள், காலுக்குப் பயிற்சி கொடுக்க வாரம் இரண்டு நாள் என்று அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டியிருந்தது. காரில் உட்கார வைக்க முடியாது. படுத்தபடியே போக வேண்டும். இதற்கு 108-ஐக் கூப்பிட முடியுமா? அது உயிருக்கு ஆபத்தானவர்களுக்கு. பிரசவமான தாயையும் குழந்தையையும் வீட்டில் கொண்டு விட 102 என்று ஒரு வண்டி இருக்கிறது. இறந்தவர்களைச் சுமக்க அமரர் ஊர்தி இருக்கிறது. பிறந்தவனுக்கு வண்டி உண்டு, உயிர் ஊசலாடுகிறவனுக்கு உண்டு, செத்தவனுக்கும் உண்டு. சாகவுமில்லை, நடக்கவும் முடியவில்லை என்று நடுவிலே கிடக்கிறவன் என்ன செய்வான்? 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் என்கிற திட்டம் மாத்திரையையும் உடற்பயிற்சியையும் வீட்டு வாசலுக்கே கொண்டு வருகிறது, நல்ல காரியம். ஆனால் எக்ஸ்ரே யந்திரம் வாசலுக்கு வராது. ரத்தத்தைச் சுத்தி செய்து கொள்ள வாரம் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் படுத்துக் கிடக்க வேண்டியவர்களை எங்கள் பக்கத்தில் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் பார்க்கலாம். போகும்போதாவது உட்கார்ந்து போவார்கள். திரும்பி வரும்போது பார்க்கச் சகிக்காது.

நாங்கள் வாடகைக்கு ஒரு வேன் பேசினோம். ஸ்ட்ரெச்சர் வைத்த தனியார் வேன். டிரைவரோடு ஒரு இளைஞன் வந்தான். பிரிட்டனில் இந்த வேலைக்கென்றே ஆம்புலன்ஸ் கேர் அசிஸ்டன்ட் என்று ஒரு உத்தியோகம் இருக்கிறது. பயிற்சி உண்டு, சீருடை உண்டு. எங்கள் ஊரில் அவனுக்குப் பெயர் ஹெல்ப்பர்.

முதல் நாளே ஒரு தகராறு. ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து, பட்டையைக் கட்டி, கால் பக்கம் முன்னால் போகும்படி தள்ளினான். தலைமாட்டில் நிற்கிறவன் நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வரலாம், நோயாளிக்கும் போகிற வழி தெரியும் என்பது அந்தத் தொழிலின் கணக்கு. எதிர் வீட்டு அத்தை ஓடி வந்து, "அடப்பாவி, காலை முன்னே வச்சு எடுக்கிறியே, உசுரோட இருக்கிறவளை!" என்று கத்தினாள். எங்கள் பக்கத்தில் பிணத்தைத்தான் அப்படி எடுப்பார்கள். நான் படித்தவனாயிற்றே! மூட நம்பிக்கை என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் ஒன்றும் பேசாமல் அந்தக் குறுகலான திண்ணை முனையில் ஸ்ட்ரெச்சரை முழுவதும் திருப்பினான். ஐந்து நிமிஷம் பிடித்தது. வியர்த்துக் கொட்டியது. தெருவுக்கு வந்த பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "ஆஸ்பத்திரியில கால் முன்னே சார். வீட்டு வாசல்ல தலை முன்னே." அம்மாவின் முகத்தை அப்போதுதான் கவனித்தேன். அத்தையின் கூச்சலில் வெளிறிப் போயிருந்த முகம் தெளிந்திருந்தது.

இன்னொரு சங்கதி. அவன் சொல்லாமல் தொட மாட்டான். "அம்மாயி, இப்பத் தோளுக்குக் கீழே கை கொடுக்கப் போறேன். இப்பத் துணியோட தூக்கப் போறேன். மூணு எண்ணுவேன்." ஒவ்வொரு முறையும், ஐம்பதாவது தடவையும், இதே வார்த்தைகள். நானும் அவளைத் தூக்கியிருக்கிறேன். பாசத்தோடுதான் தூக்கினேன், ஆனால் மூட்டையைத் தூக்குவது போலத் தூக்கினேன். பெற்ற மகன் முன்கூட்டி அனுமதி கேட்க வேண்டுமா என்ன?

அந்த 'அம்மாயி' எனக்கு முதலில் பிடிக்கவில்லை. கூலிக்கு வந்தவன் உறவு கொண்டாடுவது ஒரு வியாபார தந்திரம் என்று நினைத்தேன். அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். "அப்பாயின்னு கூப்பிட்டிருந்தா நான் அதிகாரம் பண்ணணும். அம்மாயின்னா செல்லம் மட்டுந்தான். அவன் வெவரமானவன்" என்றாள்.

அரியலூரை நெருங்கும்போது ஒரு நாள் லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. எனக்கு அன்று மாலை திருச்சியில் ஒரு கூட்டம். சைரனைப் போடச் சொன்னேன். டிரைவர் திரும்பி அவனைப் பார்த்தான். அவன், "அம்மாயிக்கு அவசரமில்லீங்க சார். உங்களுக்குத்தான் அவசரம்" என்றான். கோபம் வந்தது. பணம் கொடுக்கிறவன் நான் அல்லவா? அவன் மரியாதை குறையாமலேதான் மேலும் சொன்னான்: "இப்பச் சும்மா போட்டோம்னா, நாளைக்கு நெசமாப் போடறவனுக்கு எவனும் ஒதுங்க மாட்டான்."

லாரிகளின் புழுதியில் உட்கார்ந்திருந்த அந்த முக்கால் மணி நேரத்தில் எங்கள் ஊர் எதற்காக உலகத்துக்குத் தெரிந்தது என்று யோசித்தேன். 1956 நவம்பர் 23 அன்று அரியலூருக்கு அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் உடைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விழுந்தது. 100-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவியைத் துறந்தார். பெரிய ஆபத்து பெரிய மனிதர்களை அசைக்கிறது, அசைக்கத்தான் வேண்டும். ஆனால் வாரத்துக்கு இரண்டு முறை ஒரு கிழவியைத் தூக்கி இறக்குவது யாரையும் அசைப்பதில்லை. அதில் வீரம் இல்லை. அதைச் செய்ய வேறு ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது, அதற்கு எனக்கு இன்னும் நல்ல வார்த்தை அகப்படவில்லை.

ஒரு நாள் இரவு அம்மாவிடம் கேட்டே விட்டேன். "நான் தூக்கினா வேண்டாங்கிறே. அவன் வந்தாத்தான் எழுந்திருக்கிறே. ஏன்?"

அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "நீ தூக்கினா உன் மூஞ்சியைப் பார்க்க வேண்டியிருக்கு. பாவம், புள்ளைக்கு இப்படி ஒரு கஷ்டமான்னு இருக்கு. அவன் மூஞ்சியில ஒண்ணுமில்ல. அவனுக்கு இது வேலை. வேலை கொடுக்கிறவ மாதிரி நான் பாட்டுக்குப் படுத்திருக்கேன்."

தூக்கம் வரவில்லை. என் முகத்தில் அவள் பார்த்தது அன்பைத்தான் என்று சத்தியம் செய்ய என்னால் முடியுமா? அலுப்பும் இருந்திருக்கும், கணக்கும் இருந்திருக்கும். அப்படியில்லாமல் சுத்தமான அன்பாகவே இருந்திருந்தாலும், தூக்கப்படுகிறவளுக்கு அது ஒரு கடன்தானே? திருப்பிக் கொடுக்க முடியாத கடன். கூலி வாங்குகிறவன் அந்தக் கடனை அன்றன்றே தீர்த்துவிட்டுப் போகிறான். அதனால்தான் அவன் கையில் அவள் கனமில்லாமல் இருந்தாள். கூலிதான் அவளுக்கு மானத்தைத் திருப்பித் தந்தது. இதை எழுதும்போது, அன்பை ஏதோ குறைத்துப் பேசுவதாகப் பெண் வாசகர்கள் கோபிப்பார்கள் என்று தெரிகிறது. மாமியாரைத் தூக்கி இறக்கிய மருமகள்கள் கோபிக்க மாட்டார்கள்.

ஆனால் கூலிக்குத் தூக்கியவனை நாம் எங்கே வைத்திருக்கிறோம்? 1899-ல் போயர் யுத்தத்தின்போது தென்னாப்பிரிக்காவில் காந்தி இந்திய ஆம்புலன்ஸ் படை ஒன்றைச் சேர்த்தார். சுமார் 1,100 பேர். அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள்; நேட்டாலின் ஒப்பந்தக் கூலிகளில் பெரும் பகுதி தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். காயம்பட்ட சிப்பாய்களைத் தோளில் சுமந்து ஒரே நாளில் இருபது, இருபத்தைந்து மைல்கூட நடந்தார்கள். யுத்தம் முடிந்ததும் பதக்கம் கிடைத்தது, தலைவர்களுக்கு. காந்தியே தம் சுயசரிதையில் இதைச் சொல்கிறார். சுமந்த தோள்களின் பெயர்கள் எத்தனை நமக்குத் தெரியும்?

கடைசி நாள் அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு தானே வாசல் வரை நடந்தாள். அவன் பின்னால் ஒரு முழ தூரத்தில், கையை அவள் முதுகுக்கு நேரே நீட்டியபடி, ஆனால் தொடாமல் வந்தான். வேனில் ஏற்றுவதற்கு முன் வழக்கம்போல, "இப்பக் கை கொடுக்கப் போறேன் அம்மாயி" என்றான்.

சாயங்காலம் வீட்டில் இறக்கிவிட்ட பிறகு அவனிடம் தனியாக ஐந்நூறு ரூபாய் நீட்டினேன். கதையாக இருந்தால் மறுத்திருப்பான். அவன் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "வண்டி முதலாளிகிட்டச் சொல்லாதீங்க சார்" என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

"நாளைக்கு யாருய்யா உனக்கு?" என்றாள் அம்மா திண்ணையிலிருந்து.

"செந்துறைப் பக்கம் ஒரு பெரியவரு அம்மாயி. டயாலிசிஸ்."

"அவரை என்னன்னு கூப்பிடுவே?"

"போய்ப் பார்த்தாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவன் ஸ்ட்ரெச்சரின் பட்டைகளைச் சுருட்ட ஆரம்பித்தான்.