ஒட்டுப்போட்டது

நம் விமர்சனத்தில் 'ஒட்டுப்போட்டது' என்பது ஒரு வசை. நாவலின் பாகங்கள் ஒன்றோடொன்று இசையவில்லை என்றால் 'ஒட்டுவேலை' என்று எழுதிவிட்டு மேலே போகிறோம். முழுத்துணியில் வெட்டியது படைப்பு, துண்டுகளைச் சேர்த்தது வெறும் கைவேலை என்ற பாகுபாடு கேள்வியின்றி நம் மனத்தில் குடியிருக்கிறது. எலியட்டின் 'வேஸ்ட் லேண்ட்' வெளிவந்தது 1922ல். துண்டுகளால் ஆன அந்தக் கவிதையைக் கொண்டாடுகிறவர்கள்கூட, வீட்டுத் தொட்டிலில் கிடக்கும் ஒட்டுத்துணி விரிப்பைப் படைப்பு என்று சொல்லக் கூசுகிறார்கள்.

சங்கரன்கோவில் தறிகளின் ஊர். இங்கே துணிக்குப் பஞ்சமில்லை, துண்டுகளுக்கும் பஞ்சமில்லை. தையல்காரர் ரவிக்கை வெட்டும்போது கைக்குழி ஓரத்தில் விழும் பிறை, பாவாடையில் மிஞ்சிய பட்டை, நைந்துபோன பருத்திச் சேலையில் இன்னும் சாயம் விடாத முந்தானை. பெரும்பாலானவை தலையணைக்குள் போய் அடைந்துவிடும். சில, பிறந்த குழந்தைக்கு விரிப்பாகும். பழஞ்சேலையை நாலாக மடித்து அடியில் போட்டு, மேலே துண்டுகளைப் பரப்பி, நீள நீளமாக ஊசி ஓட்டிவிடுவார்கள். அளவு நாடா கிடையாது, மாதிரிப் படமும் கிடையாது. வைத்த துண்டு அடுத்ததைக் கேட்கிறது. (வலப்பாதி சிவனும் இடப்பாதி திருமாலுமாக ஒருவரையே கும்பிடும் ஊரில், சேர்த்துத் தைத்தது தாழ்ந்தது என்ற எண்ணம் எப்படித்தான் வந்ததோ!)

இதைப் பற்றிச் சொல்லப்படும் சௌகரியமான பொய் ஒன்று உண்டு: இந்த அழகுக்கு வறுமைதான் தாய் என்பது. இதை ஒப்புக்கொண்டால், அழகுக்காக வறுமை நீடிக்கட்டும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் கிராமியக் கலை அழிகிறது என்ற புலம்பலுக்கு அடியில் இருப்பது இதுதான். சிக்கனம், இந்த விரிப்பு ஏன் உண்டாயிற்று என்பதை விளக்கும். மஞ்சளுக்குப் பக்கத்தில் கருநீலம் ஏன், பச்சையை ஏன் மூலைக்குத் தள்ளினார்கள் என்பதை அது விளக்காது. குழந்தைக்கு எந்த வரிசையும் ஒன்றுதான்.

வட கன்னட மாவட்டத்துச் சித்திகள், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர். அவர்களுடைய பெண்கள் 'கவந்தி' என்ற போர்வையை ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டு போவார்கள். முடிவில் நான்கு மூலைகளிலும் துணியை முக்கோணமாக மடித்து வைத்துத் தைப்பார்கள். அதற்குப் பெயர் பூ. குளிருக்கு அது எவ்விதத்திலும் உதவாது. ஆனால் பூ இல்லாத போர்வை அவர்களுக்கு அம்மணம். இதைச் சிக்கனத்தின் பேரேட்டில் எந்தப் பக்கம் எழுதுவது? வரவா, செலவா?

அமெரிக்காவில், அலபாமாவின் ஜீஸ் பெண்ட் பகுதியில் நடந்தது இன்னும் தெளிவானது. அங்கே அடிமைகளின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் காலங்காலமாகப் பழந்துணியில் மனம்போனபடி போர்வை தைத்துவந்தார்கள். 1966ல் அந்த வட்டாரத்தில் 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்ற கூட்டுறவு சங்கம் தோன்றியது. நகரத்துக் கடைகளுக்கு, ஒன்றைப்போலவே இன்னொன்று இருக்க வேண்டும். 1972ல் சியர்ஸ் கம்பெனிக்காகக் கார்டுராய் துணியில் தலையணை உறை தைக்கும் வேலை வந்தது. துணி கட்டுக்கட்டாக வந்தது, கூலியும் வந்தது. உறைகள் உறைகளாகவே இருந்தன. வெட்டி விழுந்த கார்டுராய் துண்டுகள் வீடுகளுக்குப் போயின. அவற்றில் தைத்த போர்வைகளுக்குத்தான் இன்று பேர். அதே துணி, அதே கைகள், அதே வறுமை. எந்தத் துண்டு எங்கே என்று தீர்மானித்தது யார் என்பதில் மட்டுமே வித்தியாசம்.

2002ல் ஜீஸ் பெண்ட் போர்வைகள் நியூயார்க் விட்னி மியூசியத்தின் சுவரில் தொங்கின. 2006ல் தபால்தலைகளாயின. 2007ல் தைத்தவர்களில் சிலர் தங்களுக்குரிய பங்கு வரவில்லை என்று நீதிமன்றத்துக்குப் போனார்கள். அது பிறகு சமரசமாக முடிந்தது. சுவரில் பார்த்து உருகியவர்களுக்கு இந்த வழக்கு ரசபங்கமாக இருந்திருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மஞ்சளின் இடத்தைத் தீர்மானித்தவள், அதன் விலையில் தனக்கு எவ்வளவு என்று கேட்பதில் என்ன தவறு? கேட்காமல் இருந்தால்தான் அவள் கலைஞர் என்று நினைப்பது, அவளை மறுபடியும் வறுமையின் கருவியாக்குவது.

சங்கரன்கோவில் விரிப்புக்கு இந்தச் சிக்கல் எதுவும் வராது. ஒரு வருஷம் நனைந்து, துவைபட்டு, வெளிறி, நூல் விட்டு, கடைசியில் அடுப்படியில் கரித்துணியாகச் சோற்றுப்பானையை இறக்கிக்கொண்டிருக்கும். அதை வைத்து எழுதவேண்டிய விமர்சகனுக்குக் காட்ட எதுவும் மிஞ்சுவதில்லை.