பெயருக்கு ஓர் உயிர்

போன வருஷம் ஒரு ராத்திரி, ஒரு விட்டில்பூச்சியைக் கொன்றுவிட்டேன். வேண்டுமென்று இல்லை. ஷா ஆலமில் எங்கள் அடுக்குமாடியின் நடைபாதை விளக்குக்கு வந்த பூச்சி அது. படம் எடுக்க விடாமல் சுவரில் மோதிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் குளிரில் வைத்தால் அடங்கும் என்று பூச்சிப்படம் எடுப்பவர்கள் சொல்வார்கள். டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தேன். பத்து நிமிஷம்தான் கணக்கு. அதற்குள் வேலையிடத்திலிருந்து போன். பேசி முடித்து அப்படியே தூங்கிவிட்டேன். காலையில் அது அசையவில்லை. படம் மட்டும் ரொம்பத் தெளிவாக வந்தது.

இரண்டு வருஷமாக ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் இப்படிப் பூச்சிகளைப் பதிவு செய்கிறேன். படம், தேதி, இடம் மூன்றும் போட்டால் உலகத்தில் எங்கோ இருக்கும் ஒருவர் பெயர் சொல்வார். மற்றவர்களும் ஒத்துக்கொண்டால் பதிவுக்கு ‘ஆய்வுத் தரம்’ கிடைக்கும். நானும் அறிவியலுக்கு ஏதோ செய்கிறேன் என்ற திருப்தி இருந்தது. அன்றைக்கு அது வரவில்லை. ஒரு பூச்சியைத் தெரிந்துகொள்வதற்காக அதைக் கொல்லலாமா?

இந்தக் கேள்விக்கு எங்கள் சிலாங்கூரிலேயே ஒரு கதை உண்டு. 2011 மே மாதம், கூக் ஹாக் பிங் என்ற படப்பிடிப்பு ஆர்வலர் இங்குள்ள காட்டுப் பூங்கா ஒன்றில் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி ஒன்றைப் படமெடுத்தார். இறக்கையின் அடியில் கறுப்பு வலைப்பின்னல், நடுவே நீலப் புள்ளிகள். எடுத்துவிட்டு அதைப் போக விட்டார். படத்தை ஃப்ளிக்கரில் போட்டார். தற்செயலாகப் பார்த்த கலிஃபோர்னியப் பூச்சியியலாளர் ஷான் விண்டர்டன், இது பெயரில்லாத இனமோ என்று சந்தேகப்பட்டார். ஆனால் கையில் படம்தான் இருந்தது, பூச்சி இல்லை. பிறகு கூக் அதே இடத்தில் இன்னொன்றைக் கண்டு பிடித்தார். அது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஸ்டீவ் ப்ரூக்ஸிடம் போனது. சபாவில் முன்பே சேகரித்த ஒன்றும் அதே இனம் என்று தெரிந்தது. 2012 ஆகஸ்டில் மூவரும் சேர்ந்து ஸூகீஸ் ஆய்விதழில் எழுதினார்கள். பூச்சிக்குப் பெயர் செமாக்ரைசா ஜேட். ஜேட் என்பது கல்லின் பெயர் அல்ல, விண்டர்டனின் மகளுடைய பெயர்.

பறந்துபோன பூச்சி உயிரோடு போனது, பெயரில்லாமல். அகப்பட்ட பூச்சிக்குப் பெயர் கிடைத்தது, உயிர் இல்லை.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. பூச்சியில் பல இனங்களை வெளித்தோற்றத்தை வைத்து மட்டும் பிரிக்க முடியாது. உடலின் நுண்ணிய உறுப்புகளைப் பார்க்க வேண்டும். நாளைக்கு இன்னொருவர் ‘நீ சொன்னது தப்பு’ என்று சொல்வதற்கும் அந்த உடல் இருந்தாக வேண்டும். ‘செம்பனைத் தோட்டத்தில் மருந்தடித்துச் சாகிறதே, நெடுஞ்சாலையில் கார் கண்ணாடியில் சாகிறதே, ஒன்றுக்கு என்ன கணக்கு?’ என்றும் சிலர் கேட்பார்கள். இதை மட்டும் நான் ஏற்கவில்லை. அடுத்தவன் செய்த கொலை என் கொலையைச் சிறியதாக்காது.

அப்படியென்றால் பெயர் அந்த இனத்தைக் காப்பாற்றும் என்று சமாதானம் சொல்லலாமா? அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். தோட்டத்தில் பிறந்தவர். சிரித்தார்.

“காலையில பெரட்டுல எங்க எல்லார் பேரையுந்தான் கூப்பிட்டாங்க. செக்ரோல்ல எல்லார் பேரும் இருந்துச்சு. தோட்டத்த வித்தப்ப அந்தப் பேர வச்சு யாராச்சும் எங்கள நிப்பாட்டுனாங்களா ஐயா?”

பதில் இல்லை. ஷா ஆலமே ஒருகாலத்தில் ரப்பர், செம்பனைத் தோட்டமாக இருந்த இடம்தான். பூச்சிகளின் கதையும் அதேதான். நான் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ஷா ஆலம் சமூகக் காடு, 1909-இல் அரசிதழில் ஏறிய புக்கிட் செராக்கா காப்புக்காட்டின் பகுதி. 2022-இல் இன்னோர் அரசிதழ் அறிவிப்பு வந்தது. நானூறு ஹெக்டருக்கு மேல் காப்புக்காடு அல்ல என்றது, அதுவும் 2000-ஆம் ஆண்டிலிருந்தே! குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். பதிவு இருந்தும் காடு போகும்.

ஆனால் பதிவே இல்லையென்றால், ‘இங்கே இது இருந்தது’ என்று வழக்குச் சொல்லக்கூட ஆளிருக்காது. பெயர் ஒரு பாதுகாப்பு அல்ல. சாட்சி சொல்ல ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். அந்த வாய்ப்புக்காக ஓர் உயிரை எடுப்பவன் அதற்குக் கடன்படுகிறான் என்று இப்போது நினைக்கிறேன். கூக் முதலில் போக விட்டார். தேவை என்று தெரிந்த பிறகுதான் ஒன்றைப் பிடித்தார். அதை யாரும் எடுத்துச் சோதிக்கும்படி அது இன்றும் இருக்கிறது. என் பூச்சி ஒரு தெளிவான படத்துக்காகச் செத்தது. கடனை அடைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

இப்போது ஃப்ரீசரைத் தொடுவதில்லை. பறந்தால் பறக்கட்டும். மங்கலான படம் என்றால் மங்கலாகவே ஏற்றுகிறேன். யாரும் பெயர் சொல்லாமல் கிடக்கும் பதிவுகள் நிறைய இருக்கின்றன. இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த விட்டிலின் பதிவை அழிக்கவில்லை. ‘உயிரோடு’, ‘இறந்தது’ என்று செயலியில் குறிக்க இடம் உண்டு. ‘இறந்தது’ என்று குறித்தேன். யாரால் என்று அது கேட்பதில்லை. குறிப்புப் பகுதியில் நானே எழுதி வைத்தேன்.